இரண்டு பக்கமும் சமமாக

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றைக்கும் வேலை நடக்கவில்லை. தெற்கேயிருந்து வந்திருக்கும் அதிகாரிக்குப் பல்வலி. ஒருத்தருக்குப் பல் வலித்தால் மூன்று நாடும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டும். ஒப்பந்தம் அப்படி. அறைக்கதவில் மூன்று பூட்டு, நாட்டுக்கு ஒரு சாவி. மூன்று பேரும் வந்து நின்றால்தான் திறக்கும்.

சாப்பிடும்போது அண்ணன் கேட்டான். "அந்த மியூசியத்துல அப்படி என்னதான்டி பண்றீங்க?"

சொன்னேன். கல்லில் ஒரு பொம்பளை, இடுப்பில் குடம். உடம்பு நம்மிடம் இருக்கிறது. தலை மேற்குப் பக்கத்து நாட்டில். பீடம் தெற்குப் பக்கத்து நாட்டில். எப்போதோ யாரோ உடைத்து ஆளுக்கொன்றாய் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். இப்போது மூன்று நாடும் கைகுலுக்கி அவளை மறுபடி முழுசாக நிறுத்தப் போகின்றன. இங்கே நாலு மாசம், பிறகு அங்கே நாலு மாசம், அப்படியே சுற்றில்.

"சரி, அதுல உன் வேலை?"

"தூக்கறது. தொடைக்கறது. கூட்டறது."

"பாதியில விட்ட காலேஜுக்குக் கட்டின ஃபீஸுக்கு நல்லதா நாலு தொடப்பம் வாங்கியிருக்கலாம்."

அம்மா சிரித்தாள். அவன் பேசியது வழக்கம்தான். அம்மா ஏன் சிரிக்கணும்?

பிப்ரவரி 14

தலை வந்துவிட்டது. பிளைவுட் பெட்டி, உள்ளே ஸ்பாஞ்ச், அதற்குள் தலை. லாரியின் பின்பக்கம் பெட்டிமேல் கையை வைத்தபடியே ஒரு பெண் வந்திறங்கினாள். பழுதுபார்க்கும் நிபுணராம். இதுவரை அவர்கள் தூதரகம் வைத்திருந்த மேற்குச் சாவி இனி இவளிடம்தான். காதோரம் நரை, காலில் பையன்கள் போடுகிற ஷூ. அவள் பேச்சும் நம் பேச்சுதான், கடைசியில் கொஞ்சம் இழுவை. "யாருப்பா இது?" என்று சுமைக்காரர் கேட்க, "தலைகூட வந்தவங்க" என்று யாரோ சொல்ல, மத்தியானத்துக்குள் அவள் தலைக்கார அக்கா ஆகிவிட்டாள். பல்வலிக்காரர் ஏற்கனவே பீடத்தார்.

மூடியைத் திறந்ததும் கை தன்னால் நீண்டது. யாருக்குத்தான் நீளாது? மூக்கு நுனி உடைந்த முகம். எதையோ சொல்ல வந்து, வேண்டாம் என்று விழுங்கிக்கொண்ட மாதிரி உதடு.

"கை கழுவினியா?"

"கழுவினேன்."

"காட்டு."

காட்டினேன். ஒண்ணாம் கிளாஸ் பிள்ளை மாதிரி, எல்லார் முன்னாலும், இரண்டு கையையும் விரித்து. நகத்துக்குள் தரை மெழுகு இருந்தது.

"இந்தக் கையோட என் தலையைத் தொட வந்துட்டா பாரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மியூசியம் டைரக்டர்கூட.

இருக்கட்டும்.

பிப்ரவரி 20

பின்கட்டில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். தலைக்கார அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கோவமா?"

"எதுக்கு?"

"அன்னிக்குச் சொன்னதுக்கு."

"எது? நான் மறந்தே போயிட்டேன்."

"பொய் சொல்லும்போது உன் காது செவக்குது."

மன்னிப்பு கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. என் ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தின்றாள். இங்கே வருவதற்கு முன்னால் என்ன பண்ணினாய் என்றாள். மாமாவோட கிரானைட் கடையில் கல் அறுத்ததைச் சொன்னேன். சமையல் மேடைக் கல், சிங்க்குக்கு ஓட்டை, ஓரம் பாலிஷ். மாமாவோடு சண்டை போட்டு வந்ததையும்.

"அப்போ உனக்குக் கல்லு தெரியும்."

"மேடைக்கல்லு தெரியும்."

"கல்லு கல்லுதானே. இங்க இருக்கறவங்கள்ல பாதிப் பேருக்குக் கல்லுன்னா காகிதத்துலதான்."

இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 26

பீடமும் உடம்பும் சேர்ந்துவிட்டன. சும்மா வைத்ததுமே உட்கார்ந்துகொண்டது. பீடத்தார் எல்லாருக்கும் இனிப்பு வாங்கித் தந்தார், பல்வலியோடு தானும் தின்றார்.

மார்ச் 4

பொருந்தவில்லை.

செயின் புல்லியில் தலையைக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். நான்தான் சங்கிலி பிடித்தேன். கழுத்தில் பட்டதும் முகம் வலது தோள் பக்கம் சாய்ந்துகொண்டது, கீழே விழுந்த கம்மலைத் தேடுகிற மாதிரி. பின்பக்கம் இரண்டு விரல் உள்ளே போகிற இடைவெளி. தூக்கினோம், திருப்பினோம், இறக்கினோம். இப்போது இடதுபக்கம் தேடினாள்.

"இன்னும் கொஞ்சம் எறக்கு" என்றார் டைரக்டர்.

"எறங்கிடுச்சு சார்."

"இன்னும் கொஞ்சம்."

"கல்லு சார். ரப்பர் இல்ல."

தலைக்கார அக்கா மட்டும் சிரித்தாள். அப்புறம் அவளும் நிறுத்திவிட்டாள். கழுத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள், குனிந்தாள், டார்ச் அடித்தாள், பென்சிலால் கையிலேயே அளவு எழுதிக்கொண்டாள். போட்டோ எடுக்க முடியாது — அதற்கும் மூன்று நாட்டு அனுமதி வேண்டும்.

கடைசியில் நிமிர்ந்து சொன்னாள். "இது இவ தலை இல்ல."

டைரக்டர் வாயில் இருந்த இருமல் மிட்டாயைக் கடித்த சத்தம் கேட்டது.

மார்ச் 5

இன்றைக்குத் தெரிந்தது எப்படி இந்தக் கூத்து நடந்தது என்று. போன வருஷமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், பிளாஸ்டர் அச்சு வைத்து. அவர்கள் தலையின் அச்சை இங்கே அனுப்பினார்கள், நாம் கழுத்தின் அச்சை அங்கே அனுப்பினோம். இரண்டு ஊரிலும் கச்சிதமாகப் பொருந்தியது. அதை நம்பித்தான் ஒப்பந்தமே போட்டது.

அச்சு வார்க்கிறவர் எங்கள் ஆள். டீ குடிக்கும்போது தானாக உளறினார். "கொஞ்சூண்டு தேய்ச்சேன்மா. அவங்க அனுப்பினது லேசா இடிச்சுது. விருந்தாளி வீட்டுப் பொருளைப் போய்க் கோணல்னு சொல்ல முடியுமா?"

தலைக்கார அக்கா டீயைக் கீழே வைத்தாள். "நாங்களும் கொஞ்சம் பூசினோம்" என்றாள் மெதுவாக. "எங்க பெரியவர்தான் பூசச் சொன்னாரு. நாமதான் வார்க்கும்போது ஏதோ தப்பு பண்ணியிருப்போம், அவங்களைச் சங்கடப்படுத்த வேணாம்னு."

இவர் தேய்க்க, அவர்கள் பூச. இரண்டு பக்கமும் அவ்வளவு மரியாதை! நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அச்சுக்காரர் முறைத்தார். "பாதிப் படிப்புக்கு எல்லாம் சிரிப்புதான்."

மார்ச் 7, வெள்ளி

மீட்டிங். தண்ணீர் பாட்டில் வைக்க நான் உள்ளே போனேன், யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. சுவரோரம் நின்றேன்.

மேற்குக்காரர்களின் தூதரகத்திலிருந்து ஒரு ஆள் வந்திருந்தார். அவர் சென்ட் வாசம் அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டது. பையிலிருந்து தபால்தலைகளை எடுத்து மேஜைமேல் பரப்பினார். மூன்று நாடும் ஒரே படத்தை அச்சடித்திருக்கின்றன. உடம்பின்மேல் தலை. ஓவியர் அழகாகப் பொருத்தியிருந்தார்.

"இருபத்து நாலாம் தேதி மூணு மந்திரிகளும் வர்றாங்க" என்றார்.

"வந்து எதைப் பாப்பாங்க?" தலைக்கார அக்கா.

"மேடம், நீங்க நம்ம நாட்டு ஆள்தானே?"

"அதனாலதான் சொல்றேன். நம்ம தலைக்கு வேற எங்கயோ உடம்பு இருக்கு."

"அது யார் நாட்டுல இருக்கு?"

"தெரியாது."

"தெரிஞ்சா அவங்களோட இன்னொரு ஒப்பந்தம் போடணுமா?"

பீடத்தார் தொண்டையைச் செருமினார். தன் பீடம் பொருந்திவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் திமிர் வந்திருக்கிறது. "லேசா தேய்ச்சா உக்காந்துடுமே" என்றார். ஏதோ ஆடுகிற நாற்காலியைச் சொல்வது மாதிரி.

அப்போது அக்கா கத்தினாள் பாருங்கள்! உடைந்த பரப்புதான் ஒரே சாட்சி, அது போனால் உண்மையான உடம்பு நாளைக்குக் கிடைத்தால்கூட எதனோடும் எதையும் சேர்க்க முடியாது, தேய்க்கிறவன் கையை ஒடிப்பேன் என்று. கடைசியில் பைலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

சாயந்திரம் என்னைத் தேடி வந்தாள். ஊருக்குப் போய்த் தன் துறைத் தலைமையிடம் நேரில் சொல்லிவிட்டு வரப்போகிறாளாம். அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பிவிடுவாள். சாவி மட்டும் இந்த ஊரை விட்டுப் போகக் கூடாது, அதுவும் ஒப்பந்தம். முறைப்படி டைரக்டரிடம் கொடுக்க வேண்டும். என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து, விரலை மடக்கினாள்.

"யாரு கேட்டாலும் குடுக்காத."

"நான் கூட்டறவக்கா. எங்கிட்ட எதுக்கு?"

"இங்க உங்கிட்டதான் வாய் இருக்கு. முடியாதுன்னு சொல்லுவ."

கை கழுவினாயா என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

மார்ச் 8

சாவி இடுப்பில். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

மார்ச் 10, திங்கள்

டைரக்டர் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். இந்த ரூமில் நான் துடைத்த நாற்காலி, உட்கார்ந்தது இன்றுதான். பீடத்தாரும் தூதரகத்து ஆளும் சோபாவில். இருமல் மிட்டாய் ஒன்று கொடுத்தார், வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

"வேலைக்குச் சேரும்போது சொன்னியேம்மா, கல்லுக் கடையில பாலிஷ் போடுவேன்னு."

"மேடைக்கல்லு சார்."

"நல்லாப் போடுவியா?"

"மாமா திட்டாத ஒரே வேலை அதுதான்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியாளைக் கூப்பிட்டால் பேச்சு வெளியே போய்விடும். நான் உள்ளாள். அப்புறம் பீடத்தார் விளக்கினார், ரொம்பப் பொறுமையாக. தலையை மட்டும் தேய்த்தால் மேற்குக்காரர்களுக்கு நஷ்டம். உடம்பை மட்டும் தேய்த்தால் நமக்கு நஷ்டம். அதனால் இரண்டு பக்கமும் சமமாகத் தேய்க்க வேண்டும். தான் நடுநிலை நாடு என்பதால் அளவைத் தானே பார்த்துக்கொள்வாராம். தலையில் எவ்வளவு போகிறதோ உடம்பிலும் அவ்வளவு. யாருக்கும் வருத்தம் இருக்காது.

"உடம்பு பக்கம் தேய்க்கத் தேவையே இல்லையே சார்?"

"தேவை இருக்கா இல்லையாங்கறது வேற. இது ஒப்பந்தம்."

டைரக்டர் முன்னால் சாய்ந்தார். ஏப்ரலிலிருந்து பெர்மனன்ட். யூனிஃபார்ம், சம்பளம், தொழில்நுட்பப் பிரிவு என்று பதவி. டிகிரி இல்லாததற்குத் தனி உத்தரவு போட்டுக்கொள்ளலாமாம்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

"யோசிக்க நாங்க இருக்கோம்மா. நீ தேய்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் இருக்கிறதே எனக்கு, எல்லாரையும் எடுத்தெறிந்து பேசுகிற வாய். அதில் மிட்டாய் இருந்தது. அண்ணன் மூஞ்சி ஞாபகம் வந்தது. அம்மா சிரித்தது ஞாபகம் வந்தது. விரித்துக் காட்டின கையும் — ஆமா, அதுவும்தான். எதை முதல்ல நெனச்சேன்னு கேட்டா எனக்குத் தெரியல. சாவிய எடுத்து மேஜமேல வெச்சேன். அவங்க கேக்கவே இல்ல. நானா வெச்சேன்.

மார்ச் 11

தேய்த்தாயிற்று.

மிஷினை மாமா கடையில் இரவல் வாங்கினேன். "எந்த வீட்டு மேடைடி?" என்றார் மாமா. "பெரிய வீடு" என்றேன்.

தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்த்தேன், தூசி எழும்பாமல் இருக்க. அப்படியும் எழும்பியது. உடைந்த பரப்பில் சின்னச் சின்ன மேடும் பள்ளமும், நடுவில் பல் மாதிரி துருத்திக்கொண்டு ஒன்று. டிஸ்க் பட்டதும் பல் போயிற்று. சுலபம். மேடைக்கல்லை விட மிருதுவான கல். நான் கொஞ்சம் தேய்ப்பேன், பீடத்தார் குனிந்து ஸ்கேல் வைப்பார். "இப்ப உடம்புல." உடம்பில் தேய்ப்பேன். "ஒரு நூல் அளவு அதிகமாயிடுச்சு. தலையில இன்னும் ஒரு நூல்." தலையில் ஒரு நூல். குழந்தைகளுக்கு மிட்டாய் பங்குபோடுகிற மாதிரி.

நடுவில் ஸ்டீல் கம்பி, எபாக்ஸி பசை, மேலே கல்தூளைக் கலந்து பூச்சு. இறக்கினோம். நேராகப் பார்த்தாள். எதையும் தேடவில்லை.

டைரக்டர் கை தட்டினார். நன்றாகத்தான் வந்திருந்தது. இதை மறைக்க மாட்டேன் — எனக்கு மார் நிமிர்ந்தது.

வீட்டில் அம்மா தலை துவட்டிவிட்டாள். "ஏன்டி முடியெல்லாம் சாம்பலா இருக்கு?" ஏப்ரலில் பெர்மனன்ட் என்றேன். துண்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் எழுந்து போய் டிவியை அணைத்தான். எனக்காக இந்த வீட்டில் யாரும் டிவியை அணைத்ததில்லை.

மார்ச் 14, வெள்ளி

வந்துவிட்டாள். பையை இறக்கி வைக்காமல் நேராக என்னிடம்தான் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அவள் துறைத் தலைமை ஒத்துக்கொண்டதாம், எழுத்தில் கேட்டிருக்கிறதாம், விழாவைத் தள்ளி வைக்கச் சொல்லிவிடலாமாம். "சாவி?" என்று கையை நீட்டினாள்.

டைரக்டர் ரூமில் இருப்பதாகச் சொன்னேன்.

சிரிப்பு போகவில்லை, அப்படியே நின்றது, யாரோ எடுத்து மாட்டிவிட்ட மாதிரி.

மூன்று பேரும் வந்து பூட்டைத் திறந்தார்கள். நான் போகவில்லை. வராந்தாவில் நின்று ஏற்கனவே துடைத்த ஜன்னலைத் துடைத்தேன். உள்ளே சத்தமே இல்லை. கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எல்லாம் ரெடியாக வைத்திருந்தேன் — நீ மட்டும் ஒழுங்கா, ஊரு பாக்க என் கைய விரிக்கச் சொன்னவதானே, உன் தல உன் தலன்னு, எனக்கென்ன வந்துது...

வெளியே வந்தாள். என் பக்கத்தில் நின்றாள்.

"ஓரம் நல்லா வந்திருக்கு. மேடைக்கல் மாதிரி."

போய்விட்டாள். நான் ரெடியாக வைத்திருந்ததெல்லாம் அப்படியே கிடக்கிறது.

மார்ச் 24

விழா. மூன்று மந்திரிகள், மூன்று கொடி, ஒரே ரிப்பன். மூன்று கத்தரிக்கோல் வைத்து ஒரே நேரத்தில் வெட்டினார்கள். "அண்டை வீட்டார் சேர்ந்தால் உடைந்ததும் ஒன்றாகும்" என்று ஒருத்தர் பேசினார். டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் டிவியில் என் முழங்கையைப் பார்த்தானாம்.

மார்ச் 28

விசாரணை. தலைக்கார அக்கா மூன்று நாட்டுக்கும் புகார் எழுதிவிட்டாள். தலை வேறு, உடம்பு வேறு, தேய்த்து ஒட்டியிருக்கிறார்கள் என்று. நாட்டுக்கு ஒருத்தராக மூன்று பேர் வந்திருந்தார்கள். காலையில் சிலையைப் பார்த்தார்கள், கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள், விரலால் தடவினார்கள். பிரித்துப் பார்க்க வேண்டும் என்றாள் அக்கா. பிரிக்க மூன்று நாட்டு சம்மதம் வேண்டும். இரண்டு பேர் தலையாட்டவில்லை. மூன்றாவது ஆள் அவள் நாட்டுக்காரரே, அவர் ஜன்னலைப் பார்த்தார்.

அவளிடம் போட்டோ இல்லை. பென்சில் அளவுகள் மட்டும்.

"நீங்க ஊருல இல்லாதப்ப தேய்ச்சாங்கன்னு சொல்றீங்க, ஆனா நீங்க இல்லாம யாரும் உள்ள போயிருக்க முடியாதே. உங்க சாவி இல்லாம கதவு தொறக்காதே" என்றார் அந்த மூன்று பேரில் நடுவில் இருந்த அம்மாள். வயசானவர், குரல் ரொம்ப மென்மை.

அக்கா என் பக்கம் கை காட்டினாள். "அந்தப் பொண்ணக் கேளுங்க. அன்னிக்குச் சங்கிலி பிடிச்சது அவதான். மொரட்டுப் பொண்ணு, ஆனா பொய் சொல்ல வராது அவளுக்கு."

எல்லாரும் திரும்பினார்கள். டைரக்டர் திரும்பவில்லை, பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சொல்லும்மா. மொத மொதல்ல தலைய எறக்கும்போது பொருந்துச்சா?"

"பொருந்துச்சு."

"சரியா?"

"சும்மா வெச்சதுமே உக்காந்துடுச்சும்மா."

"இவங்க சாவியை உங்கிட்டக் குடுத்தாங்களா?"

"இல்ல. நான் கூட்டறவ. எங்கிட்ட எதுக்குக் குடுக்கறாங்க?"

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்தாள். முடியை இழுத்து முன்னால் விட்டிருந்தேன். காலையிலேயே, கண்ணாடி முன்னால் நின்று, யோசித்து.

ஏப்ரல் 1

பெர்மனன்ட். யூனிஃபார்ம் தோளில் கொஞ்சம் தொளதொள. அம்மா பிடித்துத் தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஏப்ரல் 9

அச்சுக்காரர் சொன்னார். மேற்கில் அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம். அண்டை நாடுகளின் நட்புக்குக் குந்தகம், மனநிலை சரியில்லை, இப்படி ஏதோ. "நல்ல பொம்பளைதான், அனுசரிச்சுப் போகத் தெரியல" என்றார். டீயை உறிஞ்சிவிட்டு, "உனக்குத் தெரிஞ்சுது" என்றார்.

இப்போதெல்லாம் என்னைப் பாதிப் படிப்பு என்று யாரும் கூப்பிடுவதில்லை.

ஜூலை 30

சிலை மேற்குக்குப் புறப்படுகிறது. தொழில்நுட்பப் பிரிவிலிருந்து கூடப் போவது நான். லாரியின் பின்பக்கம், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டுமாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இங்கே நல்ல கூட்டம். தலை தங்களுடையது என்று இந்த ஊருக்குப் பெருமை. நான் கயிற்றுக்கு உள்ளே, சிலைக்குப் பக்கத்தில் நிற்கிறேன், யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள.

மத்தியானம் வரிசையில் ஒரு சின்னப் பெண், அப்பாவின் தோளில். "எங்க ஒட்டியிருக்கு?" என்று கத்தினாள். அவள் அப்பா தேடினார், தெரியவில்லை. சுற்றி நின்றவர்களும் தேடினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டலாமா என்று நினைத்தேன்.

"ஒட்டவே இல்ல கண்ணு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "சும்மா வெச்சதுமே உக்காந்துடுச்சாம். இந்த அக்காதான் சாட்சி."

டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். காசு கொடுத்து, வரிசையில் வந்து. முடி முக்கால்வாசி நரைத்துவிட்டது. அதே ஷூ.

அந்தக் குழந்தை என்னைப் பார்த்துக் கையாட்டியது. நானும் ஆட்டினேன்.

அவள் முன்னால் வந்தாள். கயிறு வயிற்றில் பட்டது, இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். கையை நீட்டினாள். கழுத்தை நோக்கி இல்லை, முகத்தை நோக்கித்தான், அந்த உடைந்த மூக்கை. எட்டியிருக்கும். இன்னும் ஒரு சாண்.

இங்கத்து சூப்பர்வைசர் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கயித்துக்குப் பின்னால நில்லுங்கம்மா" என்றேன். அக்கா என்று வரவில்லை. "தொடக் கூடாது."

கையை எடுத்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கோங்க" என்றாள். என்னை. வாங்க போங்க போட்டு.

பின்னால் நகர்ந்து நின்றாள். வரிசை அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. மூடுகிற மணி அடிக்கும்வரை அங்கேயேதான் நின்றாள், கயிற்றிலிருந்து சரியான தூரத்தில். நானும் என் இடத்தில் நின்றேன். வேலை அதுதானே.